ஏழாவது மடிப்பு

வலது கையின் கட்டைவிரல் அட்டை மடிப்பின் விளிம்பில் ஓடியது. இடது கை, மெல்லியதாகச் சீவிய ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு துண்டை எடுத்து, வஜ்ஜிரப் பசை தடவி, மடிப்பின் மூலைக்குள் செருகியது. எலும்புத் தகடு அதன்மேல் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தது. குமிழ் ஏதும் நிற்கவில்லை. அடுத்த மூலை. ஓர் அக்கார்டியன் வாத்தியத்தின் துருத்திக்குப் பதினெட்டு மடிப்பு, மடிப்புக்கு நான்கு மூலை. கைகளுக்கு அது பழக்கம், எண்ண வேண்டியதில்லை.

கடைசி மூலை காய்ந்ததும் துருத்தியின் மரச்சட்டத்தை வயிற்றில் முட்டுக்கொடுத்து, இரண்டு கைகளாலும் முழுக்க விரித்துப் பார்க்க வேண்டும். கைகள் அங்கே நின்றுவிட்டன.

"என்னடி, நின்னுட்ட?" என்று எதிர் மேசையிலிருந்து எர்சீலியா கேட்டாள். ஒலி எழுப்பும் ரீடுகளுக்குச் சுருதி சேர்ப்பது அவள் வேலை. தலை நிமிராமலே எதிர் மேசையில் கை நின்றது அவளுக்குக் கேட்டுவிடும்.

"தொப்புளுக்குக் கீழ, இடது பக்கம். யாரோ கொக்கி மாட்டி இழுக்கிறான்."

"இன்னைக்குமா?"

"அவனுக்கு ஏது லீவு?"

"சங்கத்துல சேத்து விடுடி. ஞாயித்துக்கிழமையாவது விடுவான்."

சிரித்தார்கள். சிரிப்பும் இழுத்தது. நீவெஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டு, அது தளரும்வரை நின்றாள்.

நீவெஸுக்கு ஐம்பத்தொன்பது வயது. இத்தாலியக் கடற்கரை ஊரான நூமானாவில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். அப்பாவோடு வலை பிரித்துப் பழகிய விரல்கள் என்பதால், பதினேழு வயதில் அக்கார்டியன் செய்கிற ஊரான காஸ்டெல்ஃபிதார்தோவுக்கு வந்து கேட்ட முதல் பட்டறையிலேயே அவளைத் துருத்தி மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அதே மேசைதான். முதலாளிதான் மாறினார். பெரியவர் போய் அவர் மகன் குவால்தியேரோ வந்தான். பெரியவர் காலத்தில் பசைப் புகையில் பெண்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்தபோது, சுவரில் ஒரு ஜன்னல் வைக்கும்வரை மடிப்பைத் தொடமாட்டேன் என்று பத்து நாள் கையைக் கட்டிக்கொண்டு அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தவள் நீவெஸ். வேலைக்கு வராமல் இருக்கவில்லை. வந்து, உட்கார்ந்து, சும்மா இருந்தாள். பதினோராம் நாள் கொத்தனார் வந்தார். அந்த ஜன்னலை இன்றும் பட்டறையில் "நீவெஸ்" என்றுதான் சொல்வார்கள். "நீவெஸைக் கொஞ்சம் மூடு, குளிருது" என்று யாராவது சொன்னால் அவளே எழுந்து போய் மூடுவாள்.

போன வருடம் மே மாதம் அவள் வயிற்றைத் திறந்தார்கள். சூலகத்தில் புற்று. இரண்டு சூலகங்கள், கருப்பை, குடலை மூடியிருக்கிற கொழுப்புத் திரை, எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு ஆறு முறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது; முன்பு நேராக இருந்தது இப்போது சுருளாக வந்தது. அக்டோபரில் முடிந்துவிட்டது என்றார்கள். வலி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் வரும். மேல் அலமாரிக்குக் கை நீட்டினால் வரும். படுக்கையில் புரண்டால் வரும். துருத்தியை விரித்தால் கட்டாயம் வரும்.

இந்த ஜூன் மாதத்தோடு எட்டு மாதம். போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரமூச்சி படங்களை வெளிச்சத் திரையில் காட்டினார். இளைஞர், நல்லவர், அவசரக்காரர்.

"பாருங்க சிக்னோரா, சுத்தம். ரத்தத்துல புற்றைக் காட்டுற எண் ஒன்பது. முப்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தாலே நாங்க சந்தோஷப்படுவோம்."

"வலிக்குது டாக்டர்."

"புரியுது. இவ்வளவு பெரிய விஷயத்தைத் தாண்டி வந்திருக்கீங்க. உடம்பு பயத்தை மறக்கக் கொஞ்ச நாளாகும். பயம் சில சமயம் வலி மாதிரியே தெரியும்." ராத்திரிக்கு இருபது சொட்டு என்று ஏதோ எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை டிசம்பரில் வரச் சொன்னார்.

ஆஸ்பத்திரி கொடுத்த முடிவுத் தாள் வீட்டில் குளிர்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்பட்டது. ஒட்டியவர் அவள் கணவர் எல்வியோ. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "சுத்தம்" என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டாட வின்சிஸ்கிராஸி செய்தார். ஏழு அடுக்கு மாவுத்தகடு, நடுவே கறியும் பால்குழம்பும், காலையிலிருந்து அடுப்பில். நீவெஸ் நான்கு வாய் சாப்பிட்டு முள்கரண்டியை வைத்துவிட்டாள்.

"நல்லா இல்லையா?"

"அருமையா இருக்கு. உள்ள போனதும் சண்டை போடுது."

"சுத்தம்னு சொல்லிட்டாங்களே, நீவெஸ்."

"சுத்தம்னா வலிக்காதுன்னு அந்தத் தாள்ல எழுதியிருக்கா?"

எல்வியோ வட்டமிட்ட தாளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த ஒரு சொல் போதும். பதினான்கு மாதம் அதற்காகத்தான் காத்திருந்தார். அவர் கையிலிருந்து அதைப் பிடுங்குவதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் சொட்டு மருந்துப் புட்டியைத் திறக்காமல் அலமாரியின் பின்பக்கம் தள்ளிவைத்தாள். பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் முழுக்க அது கூடவே படுத்து எழுந்தது. இது அது இல்லை. இதற்கு ஓர் இடம் இருக்கிறது, விரல் வைத்துக் காட்டலாம். பயத்துக்கு ஏது இடது பக்கம்?

செவ்வாய்க்கிழமை காலை செத்திமியோ வந்தார். மலைப்பக்கத்து ஊரில் தபால்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் நடனங்களுக்கு வாசிப்பவர். போன வருடம் இதே பட்டறையில் புதிதாக வாங்கிய அக்கார்டியனைப் பெட்டியோடு தூக்கி வந்திருந்தார். திருட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்போல் வாசலிலேயே நின்றார்.

"புதுசுன்னு பொறுத்துப் பாத்தேன், என்னமோ பிடிக்குது," என்றார். "சின்ன இழுப்புல ஒண்ணும் இல்ல. நீளமா ஒரு வரி வாசிச்சு முழுக்க விரிக்கிறப்ப உள்ள ஏதோ பிடிச்சு இடது பக்கமா இழுக்குது. வர்ற ஞாயிறு புனித ஜொவான்னி விழா. வால்ட்ஸ் ஆட்டத்துக்கு நடுவுல கை தடுமாறினா ஊரே பாக்கும்."

குவால்தியேரோ அக்கார்டியனை வாங்கி, வார்களை அவிழ்த்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தொங்கவிட்டான். இது பட்டறைகளில் வழக்கமான சோதனை. துருத்தியில் காற்று ஒழுகினால் கனமான அடிப்பாகம் தானாகக் கீழே இறங்கும். பதினைந்து எண்ணினான். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"பாத்தீங்களா? துருத்தி சுத்தம்," என்றான்.

நீவெஸின் கையில் இருந்த தூரிகை நின்றது.

"ஒழுகுதுன்னு நான் சொல்லலையே," என்றார் செத்திமியோ. "பிடிக்குதுன்னுதான் சொன்னேன்."

"செத்திமியோ, உங்களுக்கு அறுபத்தாறு. தோள்பட்டை தேயுற வயசு. ஒரு தடவை மனசுல விழுந்துடுச்சுன்னா கை அதையே தேடிக்கிட்டிருக்கும்."

தபால்காரரின் முகம் சிவந்தது. தன் தோளைத் தானே ஒரு முறை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நீவெஸ் எழுந்துவிட்டாள். இதே முகத்தோடுதான் வெள்ளிக்கிழமை அவளும் ஆஸ்பத்திரிப் படிகளில் இறங்கினாள், தன் வயிற்றையே சந்தேகித்துக்கொண்டு.

"இங்க கொண்டா," என்றாள்.

"நீவெஸ், இப்பதானே சோதிச்சேன்..."

"நீ மூடி வெச்சுச் சோதிச்ச. அவர் திறக்கிறப்பப் பிடிக்குதுங்கிறார். இங்க கொண்டா."

எர்சீலியா துருத்தியைச் சுற்றியிருந்த ஆணிகளைப் பிடுங்கி, அதன் இரு முனையிலும் இருந்த வாத்தியப் பெட்டிகளைக் கழற்றிக் கொடுத்தாள். வெறும் துருத்தி மேசைமேல் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் நீவெஸ் சட்டத்தை வயிற்றில் முட்டி விரித்திருப்பாள். இன்று முடியாது. காலையிலேயே கொக்கிக்காரன் வேலையைத் தொடங்கிவிட்டான். சுற்றுமுற்றும் பார்த்தாள். தோல் காயப்போடுகிற கொக்கி உத்தரத்தில் இருந்தது. துருத்தியை அதில் மாட்டி, கீழ்ச்சட்டத்தில் ஓர் இரும்புக் கட்டியைக் கட்டி விட்டாள்.

நாற்பத்திரண்டு வருடத்தில் அப்படித் தொங்குகிற ஒரு துருத்தியை அவள் பார்த்ததில்லை. வெறும் துருத்தியை யாரும் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதில்லை. கையால் விரிக்கும்போது, எந்தப் பக்கம் கனக்கிறதோ அந்தப் பக்கம் கை தானாகக் கூடுதல் பலம் கொடுத்துச் சமன் செய்துவிடும். செய்கிறோம் என்று கைக்கே தெரியாது. இரும்புக்கு அந்த இரக்கம் இல்லை. மடிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியில் கீழ்ச்சட்டம் இடது பக்கமாகச் சாய்ந்து நின்றது. பதினேழு மடிப்பும் வாய் திறந்திருக்க, ஒன்று மட்டும் ஒரு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து ஏழாவது. உள்ளே விரல் விட்டாள். பசை பிதுங்கி, ஏழாவதும் எட்டாவதும் உட்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெளியிலிருந்து பார்க்க முடியாது. காற்றும் ஒழுகாது. ஒட்டிய இடத்தில் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும்.

சட்டத்தின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். செய்தவர் பென்சிலால் எழுதிவைப்பது வழக்கம். அவளுடைய கையெழுத்து. "ஏப்ரல் 9. நீவெஸ். ஷிரோக்கோ."

ஷிரோக்கோ அடிக்கிற நாளில், கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற அந்தத் தென்கிழக்குக் காற்றில், பசை காயாது. அன்றைக்குத் துருத்தியை மூடி அழுத்துபலகையில் வைக்கும் முன் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே மெழுகுத்தாள் செருக வேண்டும். காற்றின் பெயரை எழுதுவதே அதற்காகத்தான். எழுதியிருக்கிறாள். ஓர் இடத்தில் தாள் வைக்க மறந்திருக்கிறாள். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வயிறு மத்தளம்போல் உப்பியிருந்தது. மத்தியானம் தின்ற கொண்டைக்கடலை என்று நினைத்தாள். சட்டத்தை வயிற்றில் வைக்க முடியாமல் மூச்சு வாங்க, அவசரமாக மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்கு நான்கு வாரம் கழித்துத்தான் வயிற்றைத் திறந்தார்கள்.

"யார் செஞ்சது?" என்று எர்சீலியா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, உன்னோடதாடி?"

"என்னோடதுதான்." நீவெஸின் முகத்தில் வெட்கமும் இருந்தது, எர்சீலியாவுக்குப் புரியாத ஒரு வெற்றியும் இருந்தது. "ஆனா அந்த மனுஷன் பொய் சொல்லலடி. பாத்தியா? பொய் சொல்லல."

குவால்தியேரோ தொங்குகிற துருத்தியைச் சுற்றி வந்து இரண்டு முறை இருமினான். "சரி, சரி. இன்னைக்கே பிரிச்சு ஒட்டிடு."

"இன்னைக்குத் தொடமாட்டேன். நாளைக்கு இது என்கூட பஸ்ல வருது."

"எங்க?"

"டாக்டர்கிட்ட."

"நீவெஸ், அது வாடிக்கையாளர் பொருள்!"

வாசலில் நின்ற செத்திமியோவைப் பார்த்து நீவெஸ் கேட்டாள்: "ஒரு நாள் கடன் தருவீங்களா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

தபால்காரர் சாய்ந்து தொங்கிய சட்டத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தடவுவதை நிறுத்தியிருந்தார். "ரெண்டு நாள் வெச்சுக்குங்க சிக்னோரா," என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, காய்கறிப் பையில் துருத்தியோடு அவள் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்தாள். நர்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"உங்களுக்கு டிசம்பர்லதானே?"

"வலிக்கு அது தெரியல."

"நேரம் குறிக்காம டாக்டர் பாக்கமாட்டார்."

"நான் உக்காந்திருக்கேன். எனக்கு உக்காரத் தெரியும்."

மத்தியானம் பன்னிரண்டரைக்கு பிரமூச்சி சாப்பாட்டுக்குக் கிளம்பி வெளியே வந்தார். அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கதவைத் திரும்பத் திறந்தார். உள்ளே போனதும் நீவெஸ் பையிலிருந்து துருத்தியை எடுத்து அவர் மேசைமேல், அவளுடைய கோப்பின்மேல் வைத்தாள்.

"என்ன சிக்னோரா இது?"

"என் வேலை. சுத்தமா இருக்கா, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "அழகா இருக்கு."

"இப்ப அந்தப் பக்கத்தைப் பிடிச்சு இழுங்க. இன்னும். பயப்படாதீங்க, முழுக்க."

இழுத்தார். நன்றாக விரிந்தது, பிறகு பிடித்தது, சட்டம் அவர் கையில் இடது பக்கமாகத் திரும்பியது. அவர் புருவம் சுருங்கியது.

"உள்ள ரெண்டு மடிப்பு ஒட்டிக்கிச்சு," என்றாள் நீவெஸ். "மூடியிருக்கிறப்பத் தெரியாது. காத்து ஒழுகாது. எங்க முதலாளி இதைச் சோதிச்சுட்டு, சுத்தம், வாசிக்கிறவருக்குத்தான் மனசுல கோளாறுன்னு சொல்லிட்டான். நீங்க எனக்கு எடுத்த படமெல்லாம் நான் அசையாம மல்லாந்து படுத்துக்கிட்டு எடுத்தது. அதுவும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. வயித்தை அமுக்கிப் பாத்தப்பவும் முழங்காலை மடிக்கச் சொன்னீங்க. என்னை ஒரு தடவை விரிச்சுப் பாருங்க டாக்டர்."

பிரமூச்சி துருத்தியை மெல்ல மூடி, கோப்பின்மேலேயே வைத்தார். பிறகு மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டி, கை கழுவினார்.

இந்த முறை காலை நேராக நீட்டிப் படுக்கச் சொன்னார். இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். நெஞ்சுக்குழியிலிருந்து கீழே போகும் நீளத் தழும்பை இரண்டு விரலால் பிடித்து அசைத்துக்கொண்டே இறங்கினார். தொப்புளுக்குக் கீழே தோல் அசையவில்லை. அவர் அழுத்தவே இல்லை, ஆனாலும் நீவெஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயா?"

"அங்கதான். எட்டு மாசமா அங்கதான்."

"ஒட்டியிருக்கலாம்," என்றார் மெதுவாக. "பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் உள்ள தழும்புநார் வரும். குடலும் வயித்துச் சுவரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். படத்துல பெரும்பாலும் தெரியாது."

"அப்புறம் ஏன் ஒண்ணும் இல்லன்னீங்க?"

"புற்று இல்லன்னு சொன்னேன்."

"நான் அதைக் கேக்கலையே."

அவர் அவள் எழுந்து உட்காரக் கைகொடுத்தார். "கேக்கல," என்றார். "சரிதான். நான்தான் என் கேள்விக்கே பதில் சொல்லிட்டிருந்தேன்."

மீண்டும் திறந்து பிரிக்கலாமா என்று அவள் கேட்டாள். திறந்தால் திரும்பவும் ஒட்டும், வேறு வழி இல்லாவிட்டால்தான் அது என்றார். வலிக்கென்றே தனி மருத்துவர் இருக்கிறார், தழும்பைக் கையால் தளர்த்துகிற பிசியோதெரபிப் பெண் இருக்கிறாள், இரண்டு பேருக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், அசைந்துகொண்டே இருங்கள் என்றார். வாந்தி நிற்காமல் வந்து வயிறு உப்பி, காற்றும் போகாவிட்டால் ஒரு நிமிடம் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார். முழுக்கப் போய்விடும் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்காகவே நீவெஸுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"கோப்புல எழுதுங்க," என்றாள்.

"எழுதுறேன்."

"இப்ப. நான் பாக்கணும். வலி இருக்குன்னு எழுதுங்க, எங்கன்னு எழுதுங்க. பென்சில் வேண்டாம்."

துருத்தியை நகர்த்தி, அடியிலிருந்த கோப்பை எடுத்து, அவர் பேனாவால் எழுதினார். அவள் ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாகவே படித்தாள். இன்னொரு பிரதி கேட்டு வாங்கினாள். அன்று மாலை குளிர்பெட்டிக் கதவில் அதே காந்தத்தின் கீழ் அந்தத் தாளும் ஏறியது. எல்வியோ இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பிறகு பேனாவை எடுத்து, "வலி" என்பதையும் ஒரு வட்டமிட்டார்.

"நான் கேட்டிருக்கணும்," என்றார்.

"இப்ப கேளு."

"வலிக்குதா?"

"வலிக்குது. ஒரு கரண்டி சூப் மட்டும் ஊத்து, போதும்."

வியாழனும் வெள்ளியும் அவள் ஏழாவது மடிப்போடு இருந்தாள். ஒட்டியதை இழுத்தால் அட்டை கிழியும். கெண்டியின் மூக்கிலிருந்து வரும் ஆவியை ஓர் ஊசிமுனை அகலத்துக்குக் காட்டி, எலும்புத் தகட்டின் நுனியை உள்ளே விட்டு, ஓர் இழை பிரித்து, மூச்சு விட்டு, மறு இழை. வலி வந்தபோது எழுந்து ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்தாள். பழைய தோல் கிழிந்தது. புதுத் துண்டு வைத்தாள். சட்டத்தை வயிற்றில் முட்டவே இல்லை. உத்தரத்துக் கொக்கியை எல்வியோ வந்து அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்குச் சங்கிலி போட்டு இறக்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஷிரோக்கோ கிளம்பியது. எல்லா மடிப்புக்கும் மெழுகுத்தாள் வைத்தாள். எர்சீலியா ஒரு முறை எண்ணினாள், அவளே ஒரு முறை எண்ணினாள். அழுத்துபலகையில் போட்டுவிட்டும் போகவில்லை. அரை மணிக்கு ஒரு முறை எடுத்து, தாளை உருவி, விரித்து மூடி, திரும்பத் தாள் வைத்தாள்.

"இது குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி இருக்குடி," என்றாள் எர்சீலியா.

"அசைஞ்சுக்கிட்டே இருந்தா ஒட்டாது. எனக்கும் அதைத்தான் சொல்லியிருக்காங்க."

சனிக்கிழமை காலை செத்திமியோ, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அக்கார்டியன் முழுதாகப் பூட்டப்பட்டு மேசைமேல் இருந்தது. குவால்தியேரோ முந்திக்கொண்டான்: "சின்ன விஷயம்தான், செத்திமியோ. ஈரம், தட்பவெப்பம், உங்க ஊர்ல மூடுபனி வேற..."

"தப்பு என்னோடது," என்றாள் நீவெஸ். "மூடுபனிக்குச் சம்பந்தம் இல்ல. ஒரு தாள் வைக்க மறந்துட்டேன். ஏழாவது மடிப்பு. உங்க தோள்ல ஒண்ணும் இல்ல. உள்ள எழுதியிருக்கேன், என்னைக்காவது யாராவது திறந்தா தெரியும்."

உள்ளே பழைய வரிக்குக் கீழே புது வரி இருந்தது: "ஜூன் 21. நீவெஸ். ஷிரோக்கோ. ஒட்டியிருந்தது, பிரித்தேன். வாசித்தவர் சொன்னது சரி."

குவால்தியேரோ உத்தரத்தைப் பார்த்தான். பிறகு அக்கார்டியனைத் தூக்கிக் கொடுக்கக் கை நீட்டினான்.

"கையை எடு," என்றாள் நீவெஸ். "நான் குடுக்கிறேன்."

"பதினோரு கிலோ, நீவெஸ்!"

"தூக்கப்போறேன்னு யார் சொன்னது?" அவள் காலால் ஒரு நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளினாள். "உக்காருங்க சிக்னோர் செத்திமியோ. இன்னும் கிட்ட. முழங்காலை மேசைக்கு அடியில விடுங்க."

அவர் உட்கார்ந்தார். நீவெஸ் இரண்டு உள்ளங்கைகளையும் அக்கார்டியனின் பக்கங்களில் வைத்து, மேசையின் வழவழப்பான பலகைமேல் அதை மெல்ல நகர்த்தி, விளிம்புக்குக் கொண்டுவந்து, சாய்த்து, அவர் மடியில் இறக்கினாள். கொக்கிக்காரன் ஒரு முறை இழுத்தான். அவள் கையை எடுக்கவில்லை. செத்திமியோ வார்களைத் தோளில் மாட்டிக்கொண்டு, துருத்தியை மூடியிருந்த கீழ்ப்பட்டியை அவிழ்த்து, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"முழுக்க விரிங்க," என்று சொல்லிவிட்டு நீவெஸ் கையை எடுத்தாள்.